பெல்ட்டில் வந்த கரி

அம்பத்தூர்
2.3.2025, ஞாயிறு

அன்புள்ள வளர்,

போனில் சொல்லத் தொடங்கினால் "சரி விடு, அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று நீ மூடிவிடுவாய். நானும் விட்டுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். நமக்குள் தபாலில் கடைசியாகக் கடிதம் வந்தது 2001-ல். உன் மூத்தவள் பிறந்த சேதியை இன்லேண்ட் லெட்டரில் மூன்று மடிப்பும் நிரம்ப எழுதியிருந்தாய். பசை தடவி ஒட்டுகிற ஓரத்தில்கூட இடம் விடாமல் "மூக்கு மட்டும் அவங்க அப்பா மூக்கு" என்று எழுதியிருந்தாய். அந்தப் பிள்ளைக்கு வைகாசியில் கல்யாணம். இன்லேண்ட் இன்னும் என்னிடம் இருக்கிறது.

தைப்பூசத்துக்கு வந்து உன் வீட்டில் இரண்டு ராத்திரி தங்கிவிட்டுத் திரும்பிப் பதினெட்டு நாள் ஆகிறது. "வீடு போய்ச் சேந்துட்டியா" என்று கேட்டாய். "சேந்துட்டேன்" என்றேன். அதற்குப் பிறகு தினமும் காலையில் போனில் நீ ரோஜாப்பூ அனுப்புகிறாய், நான் கும்பிடுகிற கையை அனுப்புகிறேன். பல வருஷமாக அனுப்பிக்கொண்டிருக்கிற கைதான். இந்தப் பதினெட்டு நாளாக அதை அனுப்பும்போது உறுத்துகிறது.

முதல் ராத்திரி நடந்ததிலிருந்து சொல்கிறேன். எல்லோரும் படுத்தபிறகு ஹாலில் பாய் போட்டுப் படுத்தோம். நீ முந்திரிக்கொட்டை கதையை எடுத்தாய். ஒன்பதாம் வகுப்பில், பரீட்சை லீவில், முந்திரிக் காட்டில் பொறுக்கிய கொட்டையைச் சருகில் போட்டுச் சுட்டோம். தோல் சரியாகக் கருகுவதற்குள் பல்லால் கடித்து, அந்த எண்ணெய் பட்டு இரண்டு பேருக்கும் உதடு வெந்துபோனது. நீ டீச்சரிடம் "அம்மை போட்டிருக்கு மிஸ்" என்று சொல்லிவிட்டாய். ஒரு வாரம் நம்மை யாரும் கிட்டே சேர்க்கவில்லை. எனக்கும் பிடித்த கதைதான். வழக்கமாக நிறுத்துகிற இடத்தில் நீ நிறுத்தினாய். வழக்கமாகச் சிரிக்கிற இடத்தில் நான் சிரித்தேன். விடிவிளக்கு வெளிச்சத்தில் உன் முகம் தெரிந்தது. நீ சிரிக்கவில்லை. நான் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் உன் தலைமாட்டில் போன் வெளிச்சம் வந்தது. நானும் என் போனை எடுத்தேன்.

அந்தக் கதையை விட்டால் நமக்கு வேறு கதை இல்லை என்பது உனக்கும் அப்போது தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை, பூசத்தன்று, அடுப்படியில் நின்று தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வைக்க உன்னைக் கூப்பிட்டேன். உன் மகள் ஓடிவந்து வாங்கிக்கொண்டாள். "அம்மா வெயிட்டு தூக்கக் கூடாது பெரியம்மா, ஆபரேஷனுக்கு அப்புறம்" என்றாள். என்ன ஆபரேஷன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. தெரிந்தவள் மாதிரித் தலையை ஆட்டினேன். பிறகு அவளாகவே சொன்னாள். 2022-ல் உனக்குக் கர்ப்பப்பையை எடுத்திருக்கிறார்கள். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறாய். உன்னோடு வேலை பார்க்கிற டீச்சர் ஒருவர் ராத்திரியெல்லாம் உடன் இருந்திருக்கிறார். அந்த ஒன்பது நாளிலும் எனக்கு ரோஜாப்பூ வந்திருக்கிறது வளர். திரும்பி வந்ததும் தேடிப் பார்த்தேன். ஒருநாள்கூட விடுபடவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அனுப்பியிருக்கிறாய். நான் கையைக் கூப்பியிருக்கிறேன்.

நீ சொல்லாமல் இருந்ததற்கு எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வராததுதான் என்னை உலுக்கியது. பத்தொன்பது வயதில் நீ புதுச்செருப்பு வாங்கியதைச் சொல்லவில்லை என்று நான் மூன்று நாள் பேசாமல் இருந்தவள்.

என் கதையும் அதேதான். நானும் வீட்டுக்காரரும் பிரிந்தது 2014-ல். உனக்குச் சொன்னது 2016-ல், அதுவும் வேறு யாரோ சொல்லி நீ கேட்டபிறகு. "எங்கிட்ட சொல்லணும்னு தோணலயா கோமு" என்று நீ கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. தோன்றவில்லை என்பதுதான் உண்மை. அதை அப்போது சொல்லாமல், "உன்னக் கஷ்டப்படுத்த வேணாம்னு நெனச்சேன்" என்று சொன்னேன். அந்த இரண்டு வருஷத்தில் நான் அழுதது இங்கே மாடிவீட்டு அக்காவிடம். காலையில் அவரோடுதான் நடக்கப் போவேன். ஆறே மாதப் பழக்கம். எதிரில் நின்றார், அவரிடம் சொன்னேன், அவ்வளவுதான்.

அப்புறம் வடலூர் சபையில் நடந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதத்தை எழுதி என்ன பயன். ஏழு திரையும் விலகி ஜோதி தெரிகிற அந்தச் சில நொடிக்காக நெருக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். உன் நாத்தனார் வீட்டுப் பெரியம்மா ஒருவர் என்னைப் பார்த்து, "வீட்டுக்காரர் வரலியா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ, "அவரு துபாய்ல இருக்காரு" என்றாய். என் முழங்கையை ஒரு அழுத்து அழுத்தினாய். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாய் என்று தெரியும் வளர். ஆனால் நான் தனியாக இருக்கிறேன் என்று அடுத்தவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குப் பத்து வருஷம் ஆனது. வீடு பார்க்கப் போகும்போது, பேங்க்கில், கல்யாண வீடுகளில் சொல்லிச் சொல்லிப் பழகியது. அதை நீ ஒரு வார்த்தையில் மூடிவிட்டாய். திரை விலகியது, எல்லோரும் கை கூப்பினார்கள். எனக்கு ஜோதி தெரியவில்லை, கண்ணில் நீர்.

நான் செய்ததும் இருக்கிறது. அன்று சாயங்காலம் உன் மகளிடம், "இப்பவே எதுக்குக் கல்யாணம், ரெண்டு வருஷம் வேலைக்குப் போயிட்டுப் பண்ணிக்கலாமே" என்று கேட்டேன். உன் வீட்டு ஹாலில், உன் மாமனார் உட்கார்ந்திருக்கும்போது. நிச்சயம் முடிந்த பெண்ணிடம். உன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தாமல் இன்னும் இரண்டு வாக்கியம் பேசினேன். என் வாழ்க்கையில் பட்டதை உன் மகள் தலையில் வைத்தேன். அதற்கு நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை, எழுந்துபோய்ப் பால் அடுப்பைச் சின்னதாக வைத்தாய். என்னை மன்னித்துவிடு. அவளிடமும் தனியாகப் பேசிவிட்டேன், போன வாரம்.

ஊரை விட்டு வந்தபிறகு நம் ஊரைப் பற்றி நிறைய யோசிக்கிறேன். நெய்வேலி எனக்குச் சொந்த ஊர் இல்லை. உனக்கு அது மண். உன் தாத்தாவின் கிராமம் சுரங்கத்துக்குள் போனது, அதற்கு ஈடாகத்தான் உன் அப்பாவுக்கு அனல்மின் நிலையத்தில் வேலை வந்தது. என் அப்பா அம்பாசமுத்திரத்திலிருந்து வேலைக்கு எழுதிப்போட்டு வந்தவர். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி குவார்ட்டர்ஸ், ஒரே மாதிரி கொய்யா மரம், ஒரே மாதிரி பச்சைக் கதவு. பிளாக் நம்பர் மட்டும் வேறு. அதனால் நாமும் ஒரே மாதிரி என்று நினைத்துக்கொண்டோம். 2003-ல் அப்பா ரிட்டயர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து லாரியில் சாமான் ஏற்றினோம். ஒரே நாளில் எனக்கு அந்த ஊரில் காலை நீட்டி உட்கார ஒரு இடம் இல்லாமல் போனது. உங்கள் வீடு பத்து கிலோமீட்டர் தள்ளி வடலூருக்கு நகர்ந்தது. உனக்கு அது போதும், உன் சித்தப்பா, பெரியப்பா, குலதெய்வம் எல்லாம் அங்கே. நான் கிளம்பியது கிளம்பியதுதான். இதில் யார் மேலும் தப்பில்லை. குவார்ட்டர்ஸ் ஊர் அப்படித்தான்.

அப்பா நம் இருவரையும் முதலாம் சுரங்கம் பார்க்கக் கூட்டிப்போன நாள் நினைவிருக்கிறதா? ஏழாம் வகுப்பு. மேலே நின்று பார்த்தோம். அந்த ராட்சசச் சக்கரம் மண்ணை வாரி வாரி பெல்ட்டில் கொட்டிக்கொண்டிருந்தது. நீ கேட்டாய், "இவ்ளோ ஆழம் தோண்டுனா தண்ணி வராதா மாமா?" அப்பாவுக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துவிட்டது. கரிப் படுகைக்கு அடியில் பெரிய அழுத்தத்தோடு தண்ணீர் இருக்கிறது, சுற்றிலும் ஆழ்குழாய் போட்டு ராத்திரி பகலாக இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள், அதனால்தான் அடிமட்டம் காய்ந்து கிடக்கிறது என்றார். "பம்பு நின்னா மொத்தமும் மேல வந்துரும்ட்டி" என்றார். நீ அன்று ராத்திரி தூங்கவில்லை, பம்பு நின்றுவிடுமோ என்று.

நம் விஷயத்தில் நான் பத்து வருஷமாக அந்தப் பம்பைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன் வளர். பூ, கை, பிறந்தநாள் வாழ்த்து, "எப்படி இருக்க", "நல்லா இருக்கேன்". அடியில் இருந்தது மேலே வந்துவிடாமல் இறைத்துக்கொண்டே இருந்தேன். நீயும் உன் பக்கத்திலிருந்து இறைத்துக்கொண்டிருந்தாய் என்று இப்போது தெரிகிறது. எனக்குக் கை ஓய்ந்துவிட்டது.

கணக்கு எழுதுவது என் தொழில், அதனால் இதையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அமெரிக்காவில் கான்சஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹால் என்று ஒரு பேராசிரியர். பழக்கம் நட்பாக எத்தனை மணி நேரம் ஆகும் என்று ஆராய்ந்து 2018-ல் வெளியிட்டார். சாதாரண நட்புக்குச் சுமார் 50 மணி நேரம், நெருங்கிய நட்புக்கு 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்திருக்க வேண்டுமாம். படித்ததும் நம் சைக்கிள்தான் நினைவுக்கு வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை, போக இருபது நிமிஷம், வர இருபது நிமிஷம். வருஷத்துக்கு 220 நாள் என்று வைத்துக்கொண்டால் 146 மணி நேரம். ஏழு வருஷத்துக்கு ஆயிரத்தைத் தாண்டுகிறது. சைக்கிளில் மட்டும் இவ்வளவு. வகுப்பு, டியூஷன், உன் வீட்டு மாடி எல்லாம் தனி. இந்தப் பத்து வருஷத்தில் போனில் பேசியது? மாதம் ஒரு தடவை, பத்து நிமிஷம். மொத்தம் இருபது மணி நேரம். அதிலும் பாதி, லைன் சரியில்லை என்று "ஹலோ ஹலோ".

அந்த ஆயிரம் மணி நேரம் நாம் தேடிப் போய்ச் சம்பாதித்ததில்லை. ஒரே ஸ்கூல், ஒரே ரோடு, அந்த நேரத்தில் அந்த வழியாகத்தான் போயாக வேண்டும். நட்பு தானாக விளைந்தது. 1996-ல் நீ சிதம்பரத்துக்குத் தமிழ் படிக்கப் போனாய், நான் பி.காம். படிக்க வேறு பக்கம் போனேன். ரோடு பிரிந்தது. அதற்கப்புறமும் அதே விளைச்சல் வேண்டும் என்று நாம் இரண்டு பேரும் அடம் பிடித்தோம்.

நீ பிள்ளைகளுக்குக் குறள் நடத்துகிறவள், உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நட்புக்கு என்று வள்ளுவர் வரிசையாக ஐந்து அதிகாரம் வைத்திருக்கிறார். நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு. திரும்பி வந்த ராத்திரி எடுத்து உட்கார்ந்து ஐம்பதையும் படித்தேன். பழைமை அதிகாரத்தில் நெஞ்சு அடைத்தது. பழகியவர் உரிமை எடுத்துக்கொண்டு ஒன்று செய்துவிட்டால் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறார். துபாய் என்று நீ சொன்னதை அங்கேதான் வைத்தேன், அத்தோடு மனது ஆறிவிட்டது. ஆனால் யாரும் தப்புச் செய்யாமல், சண்டை போடாமல், இரண்டு பேரும் நல்லவர்களாகவே இருந்து, பேச்சு மட்டும் வற்றிப்போகிற நட்பை அந்த ஐம்பதில் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. எங்காவது இருந்தால் சொல்லு. பிசிராந்தையாரைப் பற்றி நீ எவ்வளவு உருகிச் சொல்வாய். பாண்டிய நாட்டில் ஒருவர், உறையூரில் ஒருவர், நேரில் பார்க்காமலே நட்பு. சோழன் வடக்கிருந்தபோது நண்பனுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கி வைத்தான், அவரும் வந்து சேர்ந்தார். சின்ன வயதில் அதைக் கேட்டு நாமும் அப்படி என்று நினைத்தேன். இப்போது எனக்கு அந்தக் கதையில் வேறொன்று படுகிறது. அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதாகக் கதையில் ஒன்றுமே இல்லை. இடம் வைத்தான், வந்து உட்கார்ந்தார்.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். நாம் இனி தோழிகள் இல்லை வளர். இந்த வரியை எழுதிவிட்டு எழுந்துபோய் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தேன். அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும். மனதில் இருப்பதை முதலில் யாரிடம் கொட்டுவோமோ அவள்தான் தோழி என்றால், நான் உனக்கு அப்படி இல்லை, நீ எனக்கு அப்படி இல்லை. உனக்கு அந்த டீச்சர் இருக்கிறார். முகம் தெரியாத அவர்மேல் முதலில் பொறாமையாக இருந்தது. ஒன்பது ராத்திரி அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாரே என்று நினைத்தபிறகு அவர் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

தோழி இல்லை என்றால் வேறு என்ன? இதற்குத்தான் பதினெட்டு நாள் ஆனது.

அம்பாசமுத்திரத்தில் என் அத்தை இருக்கிறார், உனக்குத் தெரியும். வருஷத்துக்கு இரண்டு தடவை போவேன். "சாப்ட்டியா, ரயிலுல கூட்டமா, இங்க மழை இல்ல." ஐந்து நிமிஷத்தில் பேச்சு முடிந்துவிடும். பிறகு அவர் பூத்தொடுப்பார், நான் திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பேன். அந்த மௌனம் ஒருநாளும் என்னைக் குத்தியதில்லை. அத்தையிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லையே, அப்படியானால் இந்த உறவு பொய்யோ என்று நான் ஒருதரம்கூட நினைத்ததில்லை. அத்தை என்றால் அத்தைதான். நல்லது கெட்டதுக்கு நிற்க வேண்டும், நிற்பார். உன்னிடம் மட்டும் ஏன் எனக்கு அந்த மௌனம் உறுத்த வேண்டும்? பதினாறு வயதில் பேசிய பேச்சு இன்னும் வேண்டும் என்று நான் கேட்பதால்.

நம் இருவருக்கும் நடந்த பெரிய காரியங்களை வரிசையாக நினைத்துப் பார்த்தேன். 2011 டிசம்பர் 30, தானே புயல். மூன்று நாள் உன் போன் கிடைக்கவில்லை. நான்காம் நாள் மெழுகுவத்தி, டார்ச், அரிசி, பிஸ்கட் எல்லாம் இரண்டு பையில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். பண்ருட்டிக்கு அப்பால் ரோட்டோரம் முழுக்க மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. உங்கள் கொல்லையில் ஒரு பலா மரம் மிச்சமில்லை, முந்திரி எல்லாம் போய்விட்டது. உன் மாமனார் தாத்தா காலத்துப் பலாவின் தண்டில் உட்கார்ந்திருந்தார், கையை அதன்மேல் வைத்தபடி. நீ என்னைப் பார்த்ததும், "வந்துட்டியா, அந்தக் கயித்தப் புடி" என்றாய். கிளைகளை இழுத்து வழி செய்தோம். மூன்று நாள் இருந்தேன். என்ன பேசினோம் என்று யோசித்தால் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கயிறு உரசிய எரிச்சல் உள்ளங்கையில் ஒரு மாதம் இருந்தது.

2017-ல் அப்பா போனபோது நீ விடிய விடிய பஸ் மாறி அம்பாசமுத்திரம் வந்தாய். என் பக்கத்தில் வந்து உட்காரவில்லை. நேரே அடுப்படிக்குப் போய்ப் பெரிய பாத்திரத்தை ஏற்றிக் காப்பி போட்டாய். மூன்று நாளும் வந்தவர் போனவருக்கெல்லாம் காப்பி. கிளம்பும்போது என் தலையில் கையை வைத்தாய், போய்விட்டாய். என் பிரிவை உன்னிடம் மறைத்தவள் நான். அது உனக்குத் தெரிந்த அடுத்த வருஷம் நீ செய்தது இது.

இன்னும் ஒன்று இருக்கிறது, இதைச் சொல்லத்தான் எனக்கு வெட்கம். 2020-ல் முதலாம் அனல்மின் நிலையத்தைக் கடைசியாக நிறுத்தினார்களே, சோவியத் உதவியோடு கட்டி 1962-ல் ஓட ஆரம்பித்த நிலையம். அப்போது நீ எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாய். "அப்பா உங்கிட்ட பேசணும்னாரு, போன் பண்ணா நீ எடுக்கல, அதான் ரெகார்ட் பண்ணிட்டேன்" என்று. எட்டு நிமிஷம். ஜி.எஸ்.டி. வேலை நடுவில் முதல் அரை நிமிஷம் கேட்டேன். "கோமதிம்மா, நல்லாருக்கியா" என்று ஆரம்பித்து இருமினார். பிறகு கேட்கலாம் என்று வைத்தேன். உனக்கு, "கேட்டேன், ரொம்ப சந்தோஷம், அப்பாவை உடம்பைப் பாத்துக்கச் சொல்லு" என்று போட்டுவிட்டேன். பொய். நாலரை வருஷமாக அது கேட்கப்படாமலே கிடந்தது. போன வாரம் தேடிக் கண்டுபிடித்துக் கேட்டேன், பால்கனியில் நின்றுகொண்டு.

மாமா அதில் என் அப்பாவைப் பற்றிப் பேசியிருக்கிறார். அவர் குரலிலேயே எழுதுகிறேன், உனக்கும் மறந்திருக்கும். "உங்கப்பா அங்க வெட்டுவாரு, பெல்ட்டுல வரும், நான் இங்க எரிப்பேன். முப்பது வருஷம். நேர்ல நாங்க ரெண்டு பேரும் மொத்தமா எத்தினி வாட்டி பேசியிருப்போம்? பஸ்ல பாத்தா தலையாட்டுவோம். உங்க காதுகுத்துக்கு ஒரு வாட்டி, வளரு கல்யாணத்துக்கு ஒரு வாட்டி. அவருக்கு எம்பேரு முழுசா தெரியுமான்னுகூட எனக்குத் தெரியாது. ஆனா நைட்டு ஷிப்டுல பெல்ட்டுல கரி வந்துக்கிட்டே இருந்தா, சரி, அங்க ஆளு இருக்குன்னு இருக்கும். இன்னிக்கு பெல்ட்ட நிறுத்திட்டாங்கம்மா. அதான் உங்கிட்ட சொல்லலாம்னு தோணிச்சி." அதற்கப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை, மூச்சுதான். பின்னாடி உன் குரல், "முடிச்சிட்டியாப்பா?"

திரும்பத் திரும்ப நான்கு தடவை கேட்டேன். அங்கே ஆள் இருக்கு. மாமாவுக்கு என் அப்பாவிடம் வேண்டியிருந்தது அவ்வளவுதான், அது முப்பது வருஷம் கிடைத்திருக்கிறது.

ஆகவே நான் உன்னிடம் கேட்பது இது. பூவையும் கையையும் நிறுத்திவிடலாம். காலையில் எழுந்ததும் அதை அனுப்ப வேண்டுமே என்று நீயும் நினைக்க வேண்டாம், நானும் நினைக்க மாட்டேன். என்னோடு பேச விஷயம் தேடாதே. நான் வந்தால் எனக்காக உட்காராதே, உன் வேலையைப் பார், நான் ஹாலில் உட்கார்ந்து உன் மாமனாரோடு டி.வி. பார்க்கிறேன். இனி ஆபரேஷன் மாதிரி ஒன்று என்றால் மட்டும் சொல்லு, மனதைச் சொல்ல வேண்டாம், ஆஸ்பத்திரி பேரைச் சொன்னால் போதும். அந்த டீச்சருக்கு ராத்திரி என்றால் எனக்குப் பகல். என் பக்கத்திலும் அப்படி ஒன்று வந்தால் உனக்குச் சொல்வேன். உன் மகள் என்னைப் பெரியம்மா என்று கூப்பிடுகிறாளே, நீயாகச் சொல்லிக்கொடுத்த முறைதானே அது. அந்த முறையிலேயே என்னை வைத்துக்கொள். எனக்குக் கூடப்பிறந்தவள் கிடையாது. எனக்கு அது போதும் என்று எழுத நினைத்தேன், போதும் என்பது சின்ன வார்த்தையாகப் படுகிறது. வேண்டும்.

பழைய கோமுவும் வளரும் போய்விட்டார்களே என்று எனக்குத் துக்கமாகத்தான் இருக்கிறது. அதை மறைக்கவில்லை. நேற்றுக்கூட சிக்னலில் இரண்டு பெண் பிள்ளைகள் யூனிஃபார்மில் சைக்கிளை ஒட்டி ஒட்டி நிறுத்திக்கொண்டு, ஒருத்தி தோளில் ஒருத்தி கையை ஊன்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பச்சை விழுந்தும் நகரவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் ஆட்டோவில் உட்கார்ந்து அழுதேன்.

கல்யாண விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் முடிந்தால் ஆபீஸில் கொஞ்சம் மூச்சு விடலாம். முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்னாடியே லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். மொய் நோட்டு யார் எழுதப்போகிறார்கள்? வேறு யாரிடமும் சொல்லியிருந்தால் மாற்றிவிடு, நான்தான் எழுதுவேன். இருபத்தைந்து வருஷம் ஊரார் கணக்கு எழுதியிருக்கிறேன், என் வீட்டுக் கணக்கை எழுத வேண்டாமா? மேஜையை மண்டப வாசலிலேயே போடச் சொல்லு, ஃபேனுக்குக் கீழே. நோட்டு நானே வாங்கி, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொண்டுவருகிறேன். ஊர், பெயர், தொகை, செய்முறை என்ன வந்தது என்று தனித்தனிக் கட்டம் போட்டுவிடுகிறேன். பிற்பாடு நீ திருப்பிச் செய்யும்போது குழப்பம் இருக்காது. பொட்டிச் சாவி என் இடுப்பில் இருக்கும்.

மேஜைக்கு வருகிறவர்கள் என்னை யார் என்று கேட்பார்கள். பொண்ணுக்குப் பெரியம்மா என்று சொல்வேன். வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டால் நானே பதில் சொல்லிக்கொள்கிறேன், நீ பக்கத்தில் இருந்தால் பேசாமல் நில்லு.

உன் அப்பாவிடம், எட்டு நிமிஷமும் கேட்டேன் என்று சொல்லு. எப்போது கேட்டேன் என்பதை நான் நேரில் வந்து சொல்லிக்கொள்கிறேன்.

உன்
கோமு